மேற்கத்திய வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்குவது

கடையில் வாங்கும் புது வயலின் எதுவானாலும் ஜி, டி, ஏ, ஈ என்ற நான்கு ஸ்வரங்களுக்கே தந்தி பூட்டி வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், கிரெமோனா போன்ற ஊர்களின் பட்டறைகளில் உருவான கருவி அது. அதையே தரையில் சம்மணமிட்டுத் தோடி ராகம் வாசிக்கும் கருவியாக்க, பொதுவாக மரத்தில் ஓர் இழைகூடச் செதுக்க வேண்டியதில்லை. மாற வேண்டியவை நான்கு: சுருதி, பிடிக்கும் முறை, இடது கையின் வேலை, வில்லின் வேலை.

இசை எந்த இனத்துக்குச் சொந்தம், எந்தப் பண்பாட்டுக்குச் சொந்தம் என்று கேட்பவர்கள் இந்த நான்கையும் தாமே செய்து பார்ப்பது நல்லது. மரத்தோடும் தந்தியோடும் கப்பலில் வந்தது எது, இங்கே காதாலும் கையாலும் உண்டானது எது என்பது அப்போது தெளிவாகப் பிரிந்து தெரியும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (பிறப்பு 1786), சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வளர்ந்தவர். புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய வாத்தியக் குழு வாசித்ததைக் கேட்டு, ஓர் ஐரோப்பிய ஆசிரியரிடம் வயலின் பயின்று, அதைக் கர்நாடக இசைக்குத் திருப்பினார். பின்னர் எட்டயபுரம் அரண்மனை வித்வானானார். அடுத்த தலைமுறையில் தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதே கருவியை எடுத்தார். அவருக்குத் திருவிதாங்கூர் அரசர் ஸ்வாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். ஒருவர் அந்தணக் குடும்பம், மற்றவர் நட்டுவனார் குடும்பம். இன்னார்தான் தொடலாம், இன்னார் தொடக்கூடாது என்று கருவிக்குக் கருவி பிறப்பை வைத்து வேலி போட்ட ஊரில், கடல் கடந்து வந்த இந்தக் கருவிக்கு மட்டும் அந்த வேலி முன்கூட்டியே போடப்பட்டிருக்கவில்லை. அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறோம். பறைக்கும் நாதஸ்வரத்துக்கும் இதே நியாயம் கிடைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

சுருதி: நான்கு தந்தியும் ஸ, ப, ஸ, ப

மேற்கத்திய முறையில் ஒவ்வொரு தந்தியும் அடுத்ததற்கு ஒரு பஞ்சமம் (ஸ முதல் ப வரையான இடைவெளி) கீழே நிற்கும். நான்கு தந்தியும் நான்கு வேறு ஸ்வரங்கள். ஆதார ஸ்வரத்தை இடையில் மாற்றிக்கொண்டே போகும் இசைக்கு அது வசதி. கர்நாடக இசையில் ஆதார ஸ்வரமான ஸட்ஜம் (ஸ) கச்சேரி முடியும்வரை நகராது. ஆகவே தடித்த 4ஆம் தந்தியை மந்தர (கீழ் ஸ்தாயி) ஸட்ஜம், 3ஆம் தந்தியை மந்தர பஞ்சமம், 2ஆம் தந்தியை மத்ய (நடு ஸ்தாயி) ஸட்ஜம், மெல்லிய 1ஆம் தந்தியை மத்ய பஞ்சமம் என்று சேர்க்கிறோம். முதல் தந்தியின் பாதி நீளத்தில் தார (மேல் ஸ்தாயி) பஞ்சமம் வந்துவிடும். மந்தர ஸட்ஜத்திலிருந்து தார பஞ்சமம்வரை இரண்டரை ஸ்தாயி. பாடகர்கள் பெரும்பாலும் அதற்குள்தான் பாடுகிறார்கள். வயலின் பக்கவாத்தியமாக நிலைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

எந்தக் கட்டையில் (ஸட்ஜம் நிற்கும் உயரத்தில்) தொடங்குவது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 5 கட்டையைச் சொல்வோம். 5 கட்டை என்றால் ஜி. கருவியில் ஏற்கெனவே ஜி, டி ஆகிய இரண்டு தந்திகளும் ஸ, ப ஆகவே இருப்பதால் அவற்றைத் தொட வேண்டாம். ஏ தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி ஆக்குங்கள். ஈ தந்தியை அதேபோல் இறக்கி டி ஆக்குங்கள். அலைவெண் கணக்கில் 196, 294, 392, 588.

ட்யூனர் ஆப் பஞ்சமத்துக்கு 293.7 என்றும் 587.3 என்றும் காட்டும். அது பியானோவுக்காகச் சமமாகப் பங்கிட்ட ஸ்வரம். நமக்கு வேண்டிய பஞ்சமம் ஸட்ஜத்தின் சரியாக ஒன்றரை மடங்கு. முள் நடுவிலிருந்து 2 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியை நூறாகப் பங்கிட்ட அளவு) மேலே நிற்கட்டும். அதைவிட நல்ல வழி, ஸட்ஜத்தை மட்டும் ட்யூனரில் வைத்துக்கொண்டு, பஞ்சமத்தைச் சுருதிப் பெட்டியோடு காதால் சேர்ப்பது. இரண்டு தந்திகளை ஒன்றாக வில்லால் இழுக்கும்போது "வ்வ்... வ்வ்..." என்ற அலை கேட்டால் இன்னும் சேரவில்லை. அலை மெதுவாகி மறைந்தால் சேர்ந்துவிட்டது.

இறக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒரே மூச்சில் நான்கு தந்திகளையும் தளர்த்தாதீர்கள். மேற்பலகையை உள்ளிருந்து தாங்கும் சவுண்ட் போஸ்ட் எந்தப் பசையும் இல்லாமல் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. அழுத்தம் முழுக்கப் போனால் அது சாய்ந்துவிடும், பிறகு பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு தந்தியை வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி, பிறகு மெல்ல ஏற்றிச் சேருங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் தந்தி பள்ளத்தில் சிக்கி நின்று, நாலு இழுப்புக்குப் பிறகு திடீரென நழுவும். குதிரையின் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டின்) பள்ளத்திலும், தந்தியை முறுக்கும் பிருடைப் பக்கம் தந்தி ஏறி வரும் சிறு மேட்டின் பள்ளத்திலும் பென்சில் கரியைத் தேய்த்தால் இந்தச் சிக்கல் குறையும். ஒரு தந்தியை இறக்கினால் மேற்பலகையின் சுமை குறைந்து மற்ற தந்திகள் லேசாக ஏறும். அதனால் இரண்டு மூன்று சுற்று சேர்த்தாக வேண்டும். கடைசியாகக் குதிரையைப் பக்கவாட்டில் பாருங்கள். டெயில்பீஸ் (தந்திகளின் கீழ்முனையைப் பிடிக்கும் பகுதி) பக்க முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் இரு கையாலும் நுனியைப் பிடித்து மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துங்கள்.

பிருடை நழுவுகிறதா? திருப்பும்போதே உள்நோக்கி அழுத்த வேண்டும். வெறுமே திருப்பினால் நிற்காது. அதன்பிறகும் நழுவினால் கரும்பலகைச் சாக்குக் கட்டியைப் பிருடைத் தண்டில் ஒரு கோடு தேய்த்தால் பிடிக்கும். நான்கு தந்திக்கும் ஃபைன் ட்யூனர் பொருத்திய டெயில்பீஸ் வாங்குவது நல்லது. சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் காட்டிக்கொடுக்கும் இசை இது.

கட்டை இறங்க இறங்கத் தந்தி தொய்யும். இழுவிசை அலைவெண்ணின் வர்க்கத்துக்கேற்ப மாறுகிறது. 5 கட்டையில் முதல் தந்தியில் சுமார் 79 சதவீத இழுவிசை மிச்சமிருக்கும். 3 கட்டைக்கு, அதாவது ஈ ஸ்வரத்துக்கு, இறக்கினால் அதே தந்தியில் 56 சதவீதம்தான். ஆண் பாடகருக்காக 1 கட்டைக்குப் போனால் 4ஆம் தந்தியில் 45 சதவீதத்துக்கும் கீழே. வில் பட்டால் அது அளவுக்கு மீறி அதிரும். அழுத்தி இழுத்தால் ஸ்வரம் ஏறி இறங்கும். அந்தக் கட்டையில் வழக்கமாக வாசிக்கப் போகிறவர்கள் தடித்த தந்தி போட்டுக்கொள்ள வேண்டும். வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவியான வயோலாவின் சி, ஜி தந்திகளை 4ஆம், 3ஆம் இடத்தில் பூட்டலாம். பள்ளத்தைச் சிறிது அகலப்படுத்த வேண்டியிருக்கும். அந்த வேலையைப் பழுது பார்ப்பவரிடமே விடுங்கள்.

உட்காருவது

நின்றுகொண்டு தாடையில் இடுக்கிப் பிடிக்கும் முறையில், வயலினின் எடையில் ஒரு பங்கை இடது கை சுமக்கிறது. அப்படிச் சுமக்கும் கை தந்தியின் நீளம் முழுக்கத் தாராளமாக வழுக்க முடியாது. தரையில் உட்காரும் முறை இந்தத் தடையை நீக்கியது.

சம்மணமிட்டு, வலது காலை மட்டும் சற்று முன்னே தள்ளுங்கள். வயலினின் தலைச்சுருள் வலது கணுக்காலின் உட்பக்கக் குழிவில் உட்கார வேண்டும். எலும்பின் மேல் வைத்தால் பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். கருவியின் அடிப்பாகம் இடது தோளெலும்புக்குக் கீழே மார்பில் சாயட்டும். தாடை அழுத்த வேண்டாம். ஷோல்டர் ரெஸ்ட் தேவையில்லை. பட்டுப்புடவையும் மொடமொடப்பான வேட்டியும் வழுக்கும். தலைச்சுருளுக்குக் கீழே மெல்லிய பருத்தித் துண்டை மடித்து வையுங்கள். இடுப்பு வலிக்கிறவர்கள் நாலு விரல் உயரத்துக்கு ஒரு திண்டைப் போட்டு உட்காரலாம்.

சரியாக அமைந்ததா என்பதற்கு ஒரே சோதனை: இடது கையை முழுவதும் எடுத்துவிடுங்கள். வயலின் தானாக நிற்க வேண்டும். சரிந்தால் காலை இன்னும் உடலருகே இழுங்கள். கை வந்துதான் தாங்க வேண்டும் என்றால் கமகம் (ஸ்வரங்களை வழுக்கியும் அசைத்தும் வாசிப்பது) ஒருநாளும் வராது.

விரல் வைக்கும் இடங்கள்

முழு அளவு வயலினில் தந்தியின் ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 328 மில்லிமீட்டர். பிருடைப் பக்க மேட்டிலிருந்து அளந்தால், ஸட்ஜத் தந்தியில் சுத்த ரிஷபம் 20.5, சதுச்ருதி ரிஷபம் 36.5, அந்தர காந்தாரம் 65.5, சுத்த மத்யமம் 82 மில்லிமீட்டரில் வரும். விரல் அழுத்தும்போது தந்தி சற்று இறுகுவதால் உண்மையில் ஒரு மயிரளவு முன்னதாகவே வைக்க நேரிடும்.

பாலபாடத்துக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்தெடுத்தது வயலினுக்கு மிகவும் பொருந்தியிருக்கிறது. ஸ ரி க ம என்ற முன்பாதியும் ப த நி ஸ என்ற பின்பாதியும் ஒரே இடைவெளிகள் கொண்டவை. ஸட்ஜத் தந்தியில் 20.5, 65.5, 82 என்று வைத்த அதே விரல்களைப் பஞ்சமத் தந்திக்கு அப்படியே தூக்கி வைத்தால் மேல் ஸட்ஜம்வரை முடிந்தது. ஜி, டி, ஏ, ஈ என்றே விட்டிருந்தாலும் பக்கத்துப் பக்கத்துத் தந்தியில் இந்த ஒப்புமை கிடைக்கும். ஆனால் மந்தர ஸ்தாயியிலிருந்து மத்ய ஸ்தாயிக்குப் போகும்போது விரல்கள் எல்லாம் இடம் மாறிவிடும். ஸ, ப, ஸ, ப சேர்ப்பில் அந்தக் குழப்பம் இல்லை.

பியானோ கேட்டுப் பழகிய காதுக்கு ஓர் எச்சரிக்கை. தம்புரா சுருதியோடு இழையும் அந்தர காந்தாரம், பியானோவின் ஈடான ஸ்வரத்தைவிட சுமார் 14 சென்ட் தாழ்ந்தது. ட்யூனர் சிவப்பு காட்டுகிறதே என்று விரலை ஏற்றிவிடாதீர்கள். இந்த இடத்தில் தம்புராதான் நீதிபதி. விரல் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதும் முதல் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். கண் பார்த்து வைக்கும் விரலுக்குக் காது கேட்காது.

கமகம்

வயலின் இங்கே தங்கியதற்கும் வேறு சில கருவிகள் தடுமாறியதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. வயலினில் வீணையைப் போல மெட்டு கிடையாது, தந்தி வழவழவென்று திறந்து கிடக்கிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம், இரண்டுக்கும் நடுவில் அசைந்து நிற்கலாம். ஐரோப்பாவிலிருந்தே வந்த ஆர்மோனியத்தில் இது முடியாது. ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே ஸ்வரம்தான். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தபோது, அது அந்நியக் கருவி என்பதோடு இந்தக் குறையும் வாதமாகச் சொல்லப்பட்டது. தடை நீங்க முப்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்நியம் என்பதே குற்றமென்றால் வயலினும் அன்றே வெளியேறியிருக்க வேண்டும். கருவியின் பிறந்த ஊரைப் பார்த்து முடிவெடுப்பது தவறான அளவுகோல். ராகம் கேட்பதை அது கொடுக்கிறதா என்று பார்ப்பதே சரி. கதிரி கோபால்நாத் சாக்ஸபோனிலும், உ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினிலும் அதைக் கொடுத்துக் காட்டினார்கள்.

பயிற்சிக்கு வருவோம். ஆள்காட்டி விரலைச் சதுச்ருதி ரிஷபத்தில் வைத்து, ஒரே வில் இழுப்பில், விரலைத் தூக்காமல் அந்தர காந்தாரத்துக்கு வழுக்கித் திரும்புங்கள். நிமிடத்துக்கு 60 தாளம். ஓர் எண்ணிக்கையில் ஏற்றம், ஓர் எண்ணிக்கையில் இறக்கம். இது ஜாரு. பத்து நாள் இதை மட்டும் செய்தாலும் வீணில்லை. கட்டைவிரல் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தால் வழுக்கல் தடைபட்டு "கிறீச்" என்று வரும். கட்டைவிரல் தொட்டுக்கொண்டு கூடவே வர வேண்டும்.

விரல் ஒட்டினால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயை விரல்நுனியில் தடவித் துடைத்துக்கொள்ளுங்கள். துடைக்காமல் விட்டால் எண்ணெய் தந்தி வழியே வில் படும் இடத்துக்குப் போகும். வில்லின் ரோமத்தில் எண்ணெய் ஏறினால் அதில் தேய்க்கும் ரோசின் (பிசின்) பிடிக்காது, சத்தமே எழும்பாது, ரோமம் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது கம்பிதம். மேற்கத்திய முறையில் பயின்றவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அவர்கள் கற்ற வைப்ராட்டோவில் விரல் ஒரே இடத்தில் ஊன்றி உருள்கிறது, ஸ்வரத்துக்கு மெருகு சேர்க்கிறது. எல்லா ஸ்வரத்துக்கும் அதையே போடலாம். கம்பிதம் அப்படிப்பட்ட மெருகில்லை. எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்கு அசைய வேண்டும் என்பதை ராகம் வகுத்திருக்கிறது. தோடியின் சாதாரண காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி அது சுமார் 54.5 மில்லிமீட்டரில் இருக்கிறது. அங்கே விரலை ஊன்றி எவ்வளவு அழகாக உருட்டினாலும் தோடி வராது. ரிஷபத்தின் அருகிலிருந்து மத்யமத்தை நோக்கி எழும்பி எழும்பித் திரும்பினால்தான் அந்தக் காந்தாரம் காந்தாரமாகக் கேட்கும். எழுதி வைத்த ஸ்வரக் குறிப்பில் "க" என்ற ஓர் எழுத்து மட்டுமே இருக்கும்.

ஆகவே வாசிப்பதற்கு முன்னால் வாயால் பாடுங்கள். பாட வராத கமகம் விரலுக்கும் வராது. ஒரு நல்ல பாடகரின் பதிவில் நான்கு ஸ்வரத் துண்டை எடுத்து, பத்து முறை கேட்டு, பத்து முறை பாடி, பிறகு கருவியைத் தொடுங்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்க இப்போது எந்தக் கைபேசியிலும் வசதி உண்டு. ஆனால் அசைவின் வேகமும் ராகத்தின் பகுதிதான் என்பதால் முழு வேகத்திலும் கேட்டாக வேண்டும். இந்த உழைப்புக்கு ரத்த உறவு தேவைப்படுவதில்லை. அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் (1939–1984) தி. விஸ்வநாதன், தி. ரங்கநாதன் சகோதரர்களிடம் பயின்று பாடியதைக் கேட்டுத்தான் தமிழ் ரசிகர்கள் அவரை "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்று அழைத்தார்கள். தமிழகத்தில் பிறந்தவரும் இந்த வழியில் நடந்தே ஆக வேண்டும். பிறப்பால் எவருக்கும் தோடிக் காந்தாரம் வந்துவிடுவதில்லை.

வில்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்வரத்துக்கு ஓர் இழுப்பு என்ற பழக்கத்தை விட்டுவிட்டு, சாகித்தியத்தின் (பாடல் வரிகளின்) எழுத்துகளைப் பின்பற்றுங்கள். ஓர் எழுத்து ஐந்து ஸ்வரங்களில் நீண்டால் ஐந்தும் ஒரே இழுப்பில். புது எழுத்து வந்தால் வில் திரும்பும். பக்கவாத்தியம் வாசிக்கும்போது பாடகரின் மூச்சை மீறி வில்லை இழுக்காதீர்கள். தொய்ந்த தந்தியில் அழுத்தி வாசித்தால் கரகரக்கும் என்பதால், மேற்கத்திய சுருதியில் பழகியதைவிடக் குறைந்த அழுத்தம், நீண்ட வில்.

ஒரே ஏழு ஸ்வரம், இரண்டு இசை

மாற்றம் முடிந்ததா என்று சோதிக்க, முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ஒன்றை எடுங்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தவை, முப்பதுக்கும் மேற்பட்டவை கிடைக்கின்றன. "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. மூன்று எண்ணிக்கை:

ஸ ஸ ரி | நி ஸ ரி | க க ம | க ரி ஸ | ரி ஸ நி | ஸ

இரண்டாம், நான்காம் கூறுகளில் முதல் ஸ்வரம் ஒன்றரை எண்ணிக்கை, அடுத்தது அரை, மூன்றாவது ஒன்று. நிஷாதம் இங்கே ஸட்ஜத்துக்குக் கீழே இருப்பது. மந்தர பஞ்சமத் தந்தியில் 65.5 மில்லிமீட்டரில் வைக்கவும். ஸ்வரத்துக்கு ஒரு வில், அசைவே கூடாது. இங்கே கமகம் சேர்த்தால் மெட்டு குழைந்து போகும். தீட்சிதரும் இந்த மெட்டுகளை ஐரோப்பிய நடையிலேயே விட்டிருக்கிறார். மற்றவர் இசையை அதன் நடையோடு வாங்கிக்கொள்ளத் தெரிந்த காது அது.

அதே ஏழு ஸ்வரங்கள்தான் சங்கராபரண ராகம். இப்போது ஒரு தானவர்ணத்தின் முதல் வரியையோ ஒரு சிறு ஆலாபனைத் துண்டையோ வாசியுங்கள். காந்தாரம் பெரும்பாலும் அசையாமல் நிற்கலாம். ரிஷபமும் தைவதமும் அசைய வேண்டும். மத்யமம் பஞ்சமத்தைத் தொட்டு இறங்கும். நிஷாதம் மேல் ஸட்ஜத்தை எட்டி எட்டித் திரும்பும். விரல் வைக்கும் இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை, கேட்பது மட்டும் வேறு இசை.

இரண்டையும் கைபேசியில் பதிவுசெய்து மறுநாள் காலையில், கருவியைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். நோட்டுஸ்வரத்தில் அசைவு எட்டிப் பார்த்தால் வில்லைக் கவனியுங்கள். நீண்ட இழுப்பில் விரல் தானாக வழுக்கியிருக்கும். சங்கராபரணம் நோட்டுஸ்வரம்போல் கேட்டால் விரல் நிஷாதத்தில் ஊன்றி நின்றிருக்கிறது. ஜாருப் பயிற்சிக்குத் திரும்பி, ஆள்காட்டி விரலை நிஷாதத்திலிருந்து ஸட்ஜத்துக்கு 60 தாளத்தில் இன்னும் ஒரு வாரம் நடத்துங்கள்.